குறைந்த செலவில் 7ஏ பிளாக், 4ஏ-ஜிஇ ஹெட், டர்போ: எதில் பணம் போடுவது?

சாட்ஸ்வொர்த்_ட்வின்கேம்

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி டொயோட்டா கான்குவெஸ்ட் ஆர்எஸ்ஐ, எஞ்சின் 4ஏ-ஜிஇ 16 வால்வு. பிளாக் (சிலிண்டர் இருக்கும் கீழ்ப்பகுதி) தேய்ந்து ஆயில் குடிக்கிறது, ஹெட் (வால்வு இருக்கும் மேல்பகுதி) நன்றாக இருக்கிறது. ஸ்க்ராப்யார்டில் 1.8 கொரோலாவின் 7ஏ-எஃப்இ எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கும்போல் தெரிகிறது. அந்த பிளாக்கின் மேல் என் ஹெட்டை ஏற்றி, 0.6 பார் பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) சின்ன டர்போ வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராட் வாங்க வழியில்லை. எல்லாம் சேர்த்து 30,000 ரேண்டுக்குள் முடிக்க வேண்டும். தினமும் வேலைக்கு ஓட்டுகிற வண்டி, அவ்வப்போது என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பனில் இருந்து ஜோபர்க்கும் போய்வரும்.

கேட்க வேண்டியவை: பழைய பிஸ்டன் தாங்குமா? டைமிங் பெல்ட் சரியாக உட்காருமா? டீசல் பக்கியில் (பிக்கப் வண்டி) இருந்து கழற்றிய டர்போ ஒன்று சும்மாவே கிடைக்கிறது, போடலாமா? டியூனிங்கை டர்பனில் செய்வதா, ஜோபர்க்கில் செய்வதா?

மெரிபேங்க்_லேத்

தம்பி, பிளாக் வேலையை மட்டும் நான் சொல்கிறேன்.

இரண்டு எஞ்சினுக்கும் போர் (சிலிண்டர் விட்டம்) 81 மிமீ. 4ஏ-வின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 77, 7ஏ-வுக்கு 85.5. அதனால் 1587 சிசி 1762 ஆகிறது, பதினொரு சதவீதம் கூடுதல். ஹெட் போல்ட் அமைப்பு ஒன்றுதான். கேஸ்கெட் 4ஏ-ஜிஇ உடையதையே போடு.

முதலில் கம்ப்ரஷனை, அதாவது காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதை, கணக்குப் போட வேண்டும். ஒரு சிலிண்டரின் அளவு 440.5 சிசி. 8.5-க்கு 1 வேண்டுமென்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 58.7 சிசி இருக்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை கிரீஸ் தடவி மூடி, பியூரெட்டால் நிரப்பி அளந்து பார். 38 சிசி வந்தது என்று வை. 1.2 மிமீ கேஸ்கெட்டுக்கு ஏறக்குறைய 6.3 சிசி. மீதி 14.4 சிசி பிஸ்டன் குழியிலும், பிஸ்டன் டெக்குக்கு (பிளாக்கின் மேல்முகம்) கீழே நிற்கும் இடைவெளியிலும் கிடைக்க வேண்டும். 0.3 மிமீ கீழே நின்றால் 1.5 சிசி. குழி 6 சிசி மட்டும் இருந்தால் மொத்தம் 51.8, அதாவது 9.5-க்கு 1. பூஸ்ட் வைக்க அது எனக்குப் பிடிக்காது. இந்த அளவு தெரியாமல் யாரும் உனக்குப் பூஸ்ட் எண் சொல்ல முடியாது. ஹெட்டை ஏற்கெனவே யாராவது சீவியிருந்தால் அறை இன்னும் சின்னதாகியிருக்கும்.

அடுத்தது வால்வு. ஜிஇ ஹெட்டில் வால்வுகள் 50 டிகிரி விரிந்து நிற்கின்றன. எஃப்இ பிஸ்டன் அதில் பாதிக்கும் குறைவான கோணத்துக்குச் செய்தது, வால்வுக் குழி சரியான இடத்தில் இருக்காது. பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றி, கழற்றி வெட்டி அளந்து பார். இன்டேக் பக்கம் 2 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மிமீ குறைந்தபட்சம் வேண்டும். கேம் டைமிங்கை மாற்றும்போதெல்லாம் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இனி டைமிங் பெல்ட். 7ஏ பிளாக் உயரமானது. உன் பழைய பெல்ட் எட்டாது. டென்ஷனரை நடுவில் நிறுத்தி, எல்லாப் புல்லிகளையும் சுற்றி நூல் விட்டு அளந்து, அதே பல் வடிவமுள்ள நீளமான பெல்ட்டைத் தேடு. பல் எண்ணிக்கை ஒத்துவந்தாலும் பல்லின் வடிவம் வேறாக இருந்தால் பல் அரிந்து போகும். உயரம் மாறியதால் கேம் புல்லிக் குறிகளும் நேர்கோட்டில் நிற்காது. இரண்டு கேமுக்கும் அட்ஜஸ்டபிள் புல்லி போட்டு, டயல் கேஜ் வைத்து டைமிங் பிடிப்பதுதான் ஒழுங்கு. குறியை நம்பி ஒரு பல் தள்ளிப் போட்டவர்களின் எஞ்சின் குறைந்த சுற்றில் சோர்ந்துதான் ஓடும், காரணமும் தெரியாது.

பிஸ்டன் தாங்குமா என்றால், வார்ப்புப் பிஸ்டன் பூஸ்டால் உடைவதை விட ரிங் முனைகள் முட்டித்தான் அதிகம் உடைகிறது. சூட்டில் ரிங் நீள்கிறது, முனையில் இடமில்லை, ரிங் நிற்கும் மேடு பெயர்ந்து வருகிறது. மேல் ரிங்குக்கு 0.36-இலிருந்து 0.40 மிமீ வரை, இரண்டாவதுக்கு அதைவிட 0.05 கூட வை. ரிங்கை போருக்குள் பிஸ்டனால் தள்ளி நேராக்கிய பிறகு ஃபீலர் கேஜ் விடு. பெட்டியில் இருந்து எடுத்த ரிங்கை அப்படியே மாட்டாதே.

ராட் மெலிசு, அதுதான் இந்த பிளாக்கின் பலவீனம். ரெவ் கட்டை (எஞ்சின் சுற்றுக்கு வைக்கும் வரம்பு) நிமிடத்துக்கு 6800 சுற்றில் வை. அங்கே பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 19.4 மீட்டர், 4ஏ-ஜிஇ 7600-இல் ஓடுவதற்குச் சமம். உன் பழைய எஞ்சினைப் போல 7600 வரை இழுத்தால் ராட் வெளியே எட்டிப் பார்க்கும்.

பெனோனி_பூஸ்ட்

லேத் அண்ணன் சொன்னதற்குப் பிறகு கீழ்ப்பகுதியைப் பற்றி எனக்கு வேலையில்லை. டர்போவுக்கு வருகிறேன்.

டீசல் டர்போ வேண்டாம். பெட்ரோல் எக்ஸாஸ்ட் 900 டிகிரியைத் தாண்டும், டீசல் ஹவுசிங் அந்தச் சூட்டுக்கு வார்த்தது இல்லை, விரிசல் விடும். அதைவிடப் பெரிய தொல்லை, சின்ன டர்பைன், சின்ன வேஸ்ட்கேட் (மிச்ச வாயுவை வெளியே விடும் வால்வு). 5000-க்கு மேல் வாயு வெளியேற வழியில்லாமல் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். 0.6 வைத்தாய், 1.0 வந்து நிற்கும். பழைய ராட் அங்கேதான் மடங்கும்.

உனக்கு வேண்டிய காற்று: 6500-இல், 0.6 பாரில், கடல் மட்டத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 150 கிராம். பெட்ரோல் வண்டியில் இருந்து வரும் டிடி04 அல்லது டி25 டர்போ இதைச் சிரமமில்லாமல் தரும். கே03 எல்லையில் நின்று மூச்சு வாங்கும். வாங்கும்போது ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், கொஞ்சம் ஆடும். ஆனால் பிளேடு ஹவுசிங்கைத் தொடக் கூடாது, முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தட்டுப்படவே கூடாது.

கிராங்கில் 200 குதிரைசக்தி என்று வைத்தால் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 370 சிசி தர வேண்டும், அதுவும் 85 சதவீதத் திறப்பில். 440 வாங்கு. பம்புக்குத் தனி ரிலே போட்டு பேட்டரியில் இருந்து தடித்த ஒயர் இழு. பழைய ஒயரில் வோல்ட் விழுந்து பூஸ்டில் எரிபொருள் குறையும். பிளக் ஒரு படி குளிர்ந்தது போடு, என்ஜிகே என்றால் எண் ஒன்று கூட. இடைவெளி 0.7 மிமீ. ஈசியூவுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்) நம் தென்னாப்பிரிக்காவிலேயே செய்யும் டிக்டேட்டர், ஸ்பிட்ரானிக்ஸ், கோடெக் இருக்கின்றன, பழையது கிடைத்தாலும் போதும்.

இனி உன் கடைசிக் கேள்வி. இதைத்தான் பலர் கேட்பதே இல்லை. ஜோபர்க் 1,750 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சுமார் 83 கேபிஏ (கிலோபாஸ்கல்). டர்பனில் 101. சாதாரண வேஸ்ட்கேட் சுற்றுக் காற்றைவிட எவ்வளவு அதிகம் என்றுதான் பார்க்கும். கேஜில் இரண்டு ஊரிலும் 0.6 காட்டும், ஆனால் எஞ்சினுக்குள் போவது இங்கே ஜோபர்க் பக்கம் 143, அங்கே டர்பனில் 161. அதாவது இங்கே டியூன் செய்துவிட்டு வான் ரீனன் கணவாய் இறங்கிப் போனால் 12, 13 சதவீதம் காற்று கூடுதலாகப் போகிறது. ஈசியூவின் மேப்பில் (எரிபொருள், டைமிங் அட்டவணை) அந்தக் கட்டங்களை யாரும் தொட்டதே இல்லை. நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எரிவது) அங்கேதான் வரும்.

ஆகவே டர்பனிலேயே, சூடான நாளில், டாங்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டு டியூன் செய். உள்ளே போகும் முழு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும், வெளிக் காற்றழுத்தத்துக்குத் தனி பாரோ திருத்தமும் இருக்க வேண்டும். பூஸ்டில் ஏஎஃப்ஆர் (காற்று-எரிபொருள் விகிதம்) 11.5-இலிருந்து 11.8. இக்னிஷன் டைமிங்கை 0.07 பார் பூஸ்டுக்கு ஒரு டிகிரி வீதம் பின்னால் இழுத்துத் தொடங்கு, பிறகு டைனோவில் (சக்தி அளக்கும் மேடை) மெதுவாகத் திரும்பக் கொடு. இங்கே வரும்போது வண்டி கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். தளர்ச்சியைச் சரிக்கட்ட பூஸ்டை ஏற்றாதே. அதே 161 இங்கே வேண்டுமென்றால் டர்போ 1.9 மடங்கு அழுத்த வேண்டும், அது வேகமும் சூடும்தான்.

சாட்ஸ்வொர்த்_ட்வின்கேம்

நன்றி அண்ணா. டீசல் டர்போவை விட்டுவிட்டேன். இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) இப்போதைக்கு இல்லாமல் ஓட்டலாமா? வைட்பேண்டும் (ஏஎஃப்ஆர் காட்டும் சென்சார்) கடன் வாங்கிச் சமாளிக்கலாமா?

பெனோனி_பூஸ்ட்

0.6-இல் இன்டர்கூலர் வேண்டும். டர்பன் ஈரச் சூட்டில் அது இல்லாமல் வேண்டுமானால் 0.35-க்கு வேஸ்ட்கேட் ஸ்பிரிங் போட்டு நிறுத்து. வைட்பேண்டு சொந்தமாக வாங்கு, வண்டியிலேயே நிற்கட்டும். டைனோ அன்று மட்டும் பார்த்தால், பம்ப் சோர்ந்து போகும் நாளை யார் காட்டுவது?

டோங்காட்_கேரேஜ்

கொஞ்சம் மாறுபடுகிறேன். 30,000-இல் ஹைப்ரிடும் (7ஏ பிளாக், 4ஏ ஹெட் கலவை) டர்போவும் ஒரே மூச்சில் செய்யாதே, தம்பி. முதலில் எஞ்சினை டர்போ இல்லாமல் கட்டு, கம்ப்ரஷன் 8.5, ரிங் இடைவெளி டர்போவுக்கானது, புதிய ஈசியூவோடு. 1,000 கிமீ ஓடட்டும். ஆயில் குடிக்கிறதா, தண்ணீர் குறைகிறதா, பெல்ட் சத்தமா, எல்லாம் அப்போதே தெரியும். அதன் பிறகு டர்போ வைத்துப் புகை வந்தால் டர்போவைத்தான் பார்க்க வேண்டும் என்று தெளிவாகும். எல்லாம் ஒன்றாகப் போட்டவர் எங்கே தேடுவது என்று தெரியாமல் மறுபடி முழுதாகக் கழற்றுவார், பணம் அங்கேதான் கரைகிறது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் புளோ-ஆஃப் வால்வு, பெரிய எக்ஸாஸ்ட், பாலிஷ் பைப் எல்லாம் பின்னால் வரட்டும். ஹோனிங், ரிங், கேஸ்கெட், டைனோ இந்த நான்கிலும் பேரம் பேசாதே.

இன்னொன்று. பிளாக் மாறினால் எஞ்சின் எண் மாறுகிறது. ஸ்க்ராப்யார்டு ரசீதை வாங்கி வை, போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து லைசென்சிங் அலுவலகத்தில் பதிந்துவிடு. இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் சொல்லு. எண் அரிக்கப்பட்ட பிளாக் எவ்வளவு மலிவானாலும் தொடாதே.

மெரிபேங்க்_லேத்

டோங்காட் சொல்வது சரி, அந்த வரிசையில் போ. அப்படியானால் சம்ப் (ஆயில் தொட்டி) கழன்றிருக்கும்போதே டர்போவின் ஆயில் ரிட்டர்னுக்கு பங் (குழாய் பொருத்தும் வளையம்) வெல்ட் செய்து மூடி போட்டு வைத்துவிடு. உள்விட்டம் குறைந்தது 16 மிமீ, முடிந்தால் 19. ஆயில் மட்டத்துக்கு மேலே, குழாய் முழுக்கச் சரிவாக, எங்கேயும் தொங்கி மேலேறாமல். அந்த ஆயில் நுரையாக, அழுத்தமே இல்லாமல், தானாக வழிந்துதான் இறங்கும். வழி குறுகினால் சீல் வழியாக எக்ஸாஸ்டுக்குள் போய் நீலப் புகை விடும், நல்ல டர்போவைக் கெட்டது என்று தூக்கிப் போடுவார்கள். பங் வைத்த பிறகு சம்பில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு நிற்க விட்டு, கசிவு பார்த்துவிட்டு மாட்டு.