மழை நாளில் சென்டர் கோர்ட்டில் கிளிஃப் ரிச்சர்டைப் பார்த்தேன்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

நான் லண்டனுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. 1996ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் போட்டிகள் நடந்த இரண்டு வாரங்களுக்கு மட்டும் அங்கே உணவுப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஸ்ட்ராபெரிப் பழங்களின் காம்பைக் கிள்ளி, நசுங்கியவற்றை ஒதுக்கி, மீதியை எண்ணிக் கிண்ணங்களில் போட வேண்டும். காலையில் லண்டனின் டூட்டிங் பகுதியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தால் மாலை வரை விரல் நுனிகளில் அந்தச் சிவப்பு போகாது.

ஜூலை 3, புதன்கிழமை, காலிறுதி ஆட்டங்கள் நடக்க வேண்டிய நாள். மழை விடவில்லை. விம்பிள்டனின் முதன்மை ஆடுகளமான சென்டர் கோர்ட்டுக்கு மேற்கூரை வந்தது 2009இல்தான். அன்றைக்கு ஆடுகளத்தின் மேல் உறையை இழுத்து மூடிவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழம் வாங்கவும் ஆள் வரவில்லை. அந்த நேரத்தில் அரங்கத்தின் உள்ளேயிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் கைதட்டும் ஓசை கேட்டது. மழையில் ஆட்டம் நடக்க முடியாதே என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். ஐந்து நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நடைவழியின் முனையில் நின்று எட்டிப் பார்த்தேன்.

அரச விருந்தினர் அமரும் பகுதியருகே கையில் ஒரு ஒலிவாங்கியுடன் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் பாடிக்கொண்டிருந்தார். கிதார், மேளம் என்று எந்தப் பக்கவாத்தியமும் இல்லை. அவருக்குப் பின்னால் வர்ஜீனியா வேட், மார்ட்டினா நவ்ரதிலோவா, பாம் ஷ்ரைவர் முதலிய டென்னிஸ் வீராங்கனைகள் வரிசையாக நின்று, பின்பாட்டுப் பாடி இடமும் வலமும் அசைந்தார்கள். ‘சம்மர் ஹாலிடே’ பாட்டை அவர் எடுத்ததும் குடைகளெல்லாம் சேர்ந்து ஆடின. கோடை விடுமுறையைப் பற்றிய பாட்டை அந்தக் கொட்டும் மழையில் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே பாடினார்கள். அவருக்கு அப்போது வயது 55. தொண்டையைத் தவிர வேறு துணையில்லாமல், ஆட்டம் பார்க்க வந்து ஏமாந்திருந்த அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கட்டிப்போட்டிருந்தார். பாடகர் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பொருள் விளங்கியது என்று சொல்வேன்.

எனக்குக் கண் கலங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் பெரியண்ணா இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் இவருடைய பாட்டு வரும் என்று காத்திருப்பார். வால்வு சூடேறி ஒலி வரும்வரை ரேடியோவின் துணி மூடிய முகப்பில் காதை வைத்திருப்பார். ‘லிவிங் டால்’ வந்துவிட்டால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அந்தப் பெரியண்ணா இப்போது இல்லை. அவர் காத்திருந்து கேட்ட குரலை நான் நேரில் கேட்கிறேன் என்ற நினைவே என்னை அழ வைத்தது. சிவந்த கைகளாலேயே கைதட்டினேன்.

பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1940 அக்டோபர் 14ஆம் நாள் லக்னோவில் பிறந்தவர். இயற்பெயர் ஹாரி வெப். தந்தை இந்திய ரயில்வேக்கு உணவு வழங்கிய ஒப்பந்த நிறுவனமொன்றில் வேலை பார்த்தார். இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், அந்தக் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தது. கையில் பணமில்லை. உறவினர் வீட்டில் ஒற்றை அறையில் பெற்றோரும் பிள்ளைகளுமாக நெருக்கியடித்து வாழ்ந்து, 1951ஐ ஒட்டித்தான் செஷண்ட் என்ற ஊரில் உள்ளாட்சி வாடகைக்கு விடும் ஒரு கவுன்சில் வீடு கிடைத்தது. பள்ளியில் நிறத்தையும் பேச்சையும் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று அவரே கூறியிருக்கிறார். நாங்களும் வந்த புதிதில் டூட்டிங்கில் ஐந்து பேர் ஒரே அறையில், ஒரே மின்னடுப்பில் முறை வைத்துச் சமைத்து வாழ்ந்தவர்கள். அதனால் அவருடைய இந்தப் பகுதி எனக்கு வெறும் செய்தியாகத் தெரியவில்லை. அந்த ஒற்றை அறையிலிருந்து வந்த பையன் பத்தாண்டுகளில், 1958இல், ‘மூவ் இட்’ பாடி இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தார்.

அவரை நேரில் கண்டவர்கள், அவர் பாட்டோடு ஏதாவது தொடர்பு உள்ளவர்கள் இங்கே எழுதுங்கள்.

பதில் 1, ஹாரோவிலிருந்து

அக்கா, நான் அவரைப் பத்தடி தூரத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் 1979இல் மாணவனாக இருந்தபோது சனிக்கிழமைகளில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தேன். அதைத்தான் என் சந்திப்பு என்று சொல்ல முடியும்.

அந்தக் கோடையில் ‘வீ டோன்ட் டாக் எனிமோர்’ வெளிவந்தது. கடையில் அதை ஓடவிட்டால், என் வயதுப் பையன்கள் கவுண்டருக்கு வந்து, இது யார் என்று கேட்பார்கள். கிளிஃப் என்றதும் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு அவர் தங்கள் தாய்மாரின் பாடகர். 1968இல் ‘கன்கிராஜுலேஷன்ஸ்’ பாட்டோடு ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஒரே ஒரு புள்ளியில் ஸ்பெயினிடம் தோற்று, ஆனால் அந்தப் பாட்டாலேயே பட்டியலில் முதலிடம் பிடித்தவர், அதற்குப் பின் பதினோரு ஆண்டுகள் முதலிடத்துக்கு வரவேயில்லை. அந்த இடைவெளியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவருடைய நீண்ட வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த ஷாடோஸ் குழுவின் பழைய தோழர் புரூஸ் வெல்ச் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். அந்தக் காலத்து ஒலிக்கேற்ற புதிய பாட்டுகளைத் தேடிக் கொடுத்து, 1976இல் ‘ஐயம் நியர்லி ஃபேமஸ்’ என்ற தொகுப்பைச் செய்தார். அதிலிருந்த ‘டெவில் வுமன்’ அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் போனது. 1979இல் அதே வெல்ச்சின் தயாரிப்பில், ஆலன் டார்னி எழுதிய பாட்டு அவரை மறுபடி முதலிடத்தில் உட்கார வைத்தது. நான்கு வாரம் அங்கேயே இருந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் பங்க் இசை முழங்கிய ஆண்டுகளைத் தாண்டி வந்து இதைச் செய்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1975இல் அவர் பாடி வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பிலிருந்த சொல் பாலியல் தொழில் செய்யும் பெண்ணைக் குறிப்பது என்று பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அந்தப் பாட்டை அவரே விளம்பரம் செய்ய மறுத்து ஒதுக்கினார். பட்டியலில் இறங்குமுகமாக இருந்த நேரத்தில் அப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். எங்கள் கடை முதலாளி, பாட்டு தனக்குப் பிடிக்காவிட்டாலும், இதற்காகவே அவரை மரியாதையோடு பேசுவார்.

பதில் 2, கிராய்டனிலிருந்து

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணி செய்கிறேன். நினைவு மங்கிய ஒரு பாட்டி இருந்தார். என் பெயர், தன் மகள் பெயர், மதியம் சாப்பிட்டோமா என்பது எதுவும் அவருக்கு நிற்காது. ஒரு நாள் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கூடத்தில் யாரோ ‘பேச்சிலர் பாய்’ பாட்டைப் போட்டார்கள். பாட்டி சீப்பைப் பிடித்திருந்த என் கையை நிறுத்திவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு சொல் பிசகாமல் பாடினார். முடிந்ததும் திரும்பிப் பார்த்து, நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினோமே என்று என்னைத் தன் தோழியாக நினைத்துச் சொன்னார். ஆமாம் என்றேன். அதன் பின் தலை வாரும் நேரமெல்லாம் அந்தப் பாட்டுத்தான். அவர் கையைத் தட்டிவிடுவதும் அழுவதும் அந்த நேரத்தில் இருக்காது. எனக்கு இந்தப் பாடகரை முன்பு தெரியாது. இப்போது அவருடைய பத்துப் பாட்டாவது மனப்பாடம்.

பதில் 3, ஈஸ்ட் ஹாமிலிருந்து

1999ஆம் ஆண்டு இறுதியில் வந்த ‘மில்லேனியம் பிரேயர்’ பற்றி யாரும் எழுதவில்லையே. புத்தாண்டு நள்ளிரவில் இங்குள்ளவர்கள் பாடும் பழைய ஸ்காட்லாந்து மெட்டில் கர்த்தருடைய ஜெபத்தைப் பாடியிருந்தார். பல ஆண்டுகளாக அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனமே இதை ஏற்கவில்லை. வேறொரு சிறிய நிறுவனம் வெளியிட்டது. பெரிய வானொலி நிலையங்கள் ஒலிபரப்பத் தயங்கின. அப்படியிருந்தும் மூன்று வாரம் முதலிடம். 1950களிலிருந்து 1990கள் வரை அடுத்தடுத்த ஐந்து பத்தாண்டுகளிலும் முதலிடப் பாட்டு கொடுத்தவர் என்ற பெருமையை அந்தப் பத்தாண்டின் முடிவில் மீண்டும் ஒரு முறை உறுதிசெய்தார். வானொலியில் கேட்க முடியாததால் என் அம்மா கடைக்கே போய் வாங்கி வரச் சொன்னார். “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தமிழில் ஜெபிக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் எந்த இடத்தில் எந்த வரி வருகிறது என்று தெரிந்து, கண்ணை மூடிக்கொண்டு கூடவே தமிழில் முணுமுணுப்பார். ஆங்கிலமும் தமிழும் ‘ஆமென்’ என்ற சொல்லில் ஒன்றாக வந்து சேரும்.

பதில் 4, முதலில் எழுதியவர்

எல்லாருக்கும் நன்றி. கிராய்டன் தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

2014இல் அவர் மீது வந்த புகாரையும், அவர் வீட்டில் நடந்த சோதனையைத் தொலைக்காட்சி வானூர்தியிலிருந்து காட்டியதையும் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். வழக்கு எதுவும் தொடரப்படாது என்று 2016இல் அரசுத் தரப்பு அறிவித்தது. 2018இல் உயர் நீதிமன்றம் அவருடைய தனியுரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் முகம் வாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்து வருந்தினேன். அதே 2018இல் புதிய தொகுப்பொன்றையும் வெளியிட்டார்.

2022 ஜூலை 3ஆம் நாள் சென்டர் கோர்ட்டின் நூற்றாண்டு விழா நடந்தது. அன்று வீட்டில் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் அந்த ஆரம்ப இசை கேட்டதும் ஓடி வந்தேன். 81 வயதில் அதே அரங்கத்தில் நின்று அதே ‘சம்மர் ஹாலிடே’ பாட்டைப் பாடினார். முன்பு மழையில் கேட்டபோதும் இதே தேதி. மா ஒட்டிய கைகளோடு கதவருகிலேயே நின்று, முடியும்வரை பார்த்தேன்.