காசா மிலா தரைக்கல்: ஒரு புதுப்பிப்பு

பார்சிலோனாவின் காசா மிலா என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் வீடுகளுக்குள், கட்டடக்கலைஞர் கவுதி வடிவமைத்த அறுகோணக் கற்கள் பதித்த தரையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். எத்தனை வகைக் கற்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரே வகைதான்!

ஒரு கல்லில் நட்சத்திர மீன், அம்மோனைட் (அழிந்துபோன ஓட்டுடைக் கடலுயிர்) சுருள், கடற்பாசி என மூன்றின் துண்டுகளும் இருக்கும். எதுவும் முழுசாக இருக்காது. பக்கத்துக் கற்கள் வந்து ஒட்டினால்தான் உருவம் முடியும். முழுக்கோலமும் தெரிய ஏழு கற்கள் வேண்டும். நிறமும் ஒன்றே, பச்சை கலந்த நீலம். மற்றதெல்லாம் புடைப்பும் வெளிச்சமும் பார்த்துக்கொள்கின்றன. பல வண்ணம் இறைத்த அந்தக்காலத் தரைகளைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம், இது சூளையில் சுட்ட ஓடு இல்லை. நிறமேற்றிய சிமென்ட்டை அச்சில் அழுத்தி, ஈரத்தில் இறுக விடுவார்கள். செய்தது எஸ்கோஃபெட் நிறுவனம்.

இன்னொன்று: 1904 வாக்கில் கவுதியின் இன்னொரு கட்டடமான காசா பாட்லோவுக்காக வரைந்த கல் இது. அங்கே போடவில்லை, இங்கே வந்து சேர்ந்தது. டிக்கெட் எடுக்காமல் பார்க்க வேண்டுமா? வெளியே பசேய்ச் த கிராசியா தெருவின் நடைபாதையில் இதே வடிவம் கிடக்கிறது.