பழைய மில்லில் கூகைக் குஞ்சுகள்: நீடாமங்கலம் வீட்டார் குழு

சேகர் சித்தப்பா: நேற்று ராத்திரி பழைய நெல் மில்லுக்குள் போனேன், பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் மூலையில் வெள்ளை மூஞ்சியோடு நாலு குஞ்சு, ஒன்று நன்றாக வளர்ந்திருக்கிறது, கடைசி அதில் பாதிகூட இல்லை. அடுத்த வாரம் இடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். இதை என்ன செய்வது?

மங்களம் பெரியம்மா: அது சாவுக்குருவி சேகர். வீட்டுக்கு ஆகாது. யாரையாவது விட்டு இறக்கி, ஆற்றுப் பக்கம் விட்டுவிடச் சொல்.

ரேவதி: பெரியம்மா, அது கூகை. பசிக்குக் கத்துவதுதான் அந்தச் சீறல். தாய் ஒரே நாளில் முட்டையிடாது, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு இடும், முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆற்றோரம் விட்டால் ஒன்றுகூடப் பிழைக்காது. சித்தப்பா, தயவுசெய்து தொடாதீர்கள்.

கார்த்தி: இப்போதுதான் தேடிப் பார்த்தேன் அக்கா. ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் கூகை 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்'. அழியப்போகிற பறவை இல்லையே, ஒரு கூட்டுக்கு இவ்வளவு பதறணுமா?

ரேவதி: அந்தப் பட்டியல் கேட்கிற கேள்வியே வேறு கார்த்தி. ஒரு இனம் உலகத்தை விட்டே போய்விடும் ஆபத்து எவ்வளவு என்று 1964 முதல் பார்த்து வருகிறார்கள். பத்து வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது அதிகமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை 30 சதவீதம் சரிந்தால் அழிவாய்ப்பு இனம், 50 என்றால் அருகிய இனம், 80 என்றால் மிக அருகிய இனம். சரிவு மட்டுமில்லை, எவ்வளவு பரப்பில் வாழ்கிறது, முட்டையிடும் வயதில் எத்தனை மிச்சம் என்பதையும் பார்ப்பார்கள். கூகை பல கண்டங்களில் இருப்பதால் எந்த வரம்பையும் தொடவில்லை. ஆனால் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் சொந்தப் பட்டியலில் அதே கூகை அருகிய இனம். உலகக் கணக்கு நம் ஊர்க் கணக்கு ஆகாது.

ரேவதி: வெண்முதுகுக் கழுகை நினைத்துப் பார். எண்பதுகளில் இந்தியாவில் எங்கு பார்த்தாலும் இருந்த பறவை, டைக்ளோஃபெனாக் வலி மருந்து போட்ட மாடு செத்ததும் அதைத் தின்று செத்துச் செத்து 2000லேயே மிக அருகிய இனமாகிவிட்டது. மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006ல்தான்.

சேகர் சித்தப்பா: மருந்து என்றதும் கேட்கிறேன். போன சம்பாவில் வரப்பு முழுக்க புரோமடியோலோன் எலி விஷக் கட்டி வைத்தேனே, அது இதுகளைப் பாதிக்குமா?

ரேவதி: பாதிக்கும் சித்தப்பா. அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் சோர்ந்து திரியும், ஓட முடியாத அந்த எலிதான் கூகைக்குச் சுலபமாகக் கிடைக்கும். விஷம் அப்படியே குஞ்சு வாய்க்குப் போகும். இந்தப் போகத்துக்கு மட்டுமாவது தஞ்சாவூர்க் கிட்டி என்கிற எலிப்பொறி வைத்துப் பாருங்கள், வயலில் கூகை உட்கார உயரமாகக் குச்சி நட்டு விடுங்கள். ராத்திரி முழுக்க நம் வயலில் எலி பிடிக்கிற பறவையை நாமே கொல்லலாமா, எனக்கு மனசு கேட்கவில்லை.

சேகர் சித்தப்பா: கிட்டி போட நம்ம தெருவிலேயே ஆள் இருக்கிறார், இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். குஞ்சு பறக்க எத்தனை நாள் ஆகும்?

ரேவதி: பொரித்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம். பெரியதுக்கு இறகு வந்திருக்கிறது என்றால் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

சேகர் சித்தப்பா: சரி, இடிக்கிற ஆளிடம் தை கழித்து வரச் சொல்கிறேன். ஓடு கழற்றுவதையும் நிறுத்திவிட்டேன்.

கார்த்தி: சித்தப்பா, பக்கத்தில் போகாமல் தூர நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

மங்களம் பெரியம்மா: அந்தப் பக்கத்து ஜன்னல் உடைந்திருக்கிறது சேகர், பகலில் காக்காய் புகுந்து கொத்திவிடும். ஒரு சாக்கைக் கட்டு. தாய் வருகிற வழியை மட்டும் அடைத்துவிடாதே.