கணவருக்காக ‘பிப்’ மேல்முறையீடு: எங்கள் அனுபவம்

குரொய்டன் அக்கா:

பக்கவாதம் வந்தபின் என் கணவருக்கு வலது கையும் காலும் சரியாக வேலை செய்வதில்லை. பிப் (PIP) என்பது நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு பிரித்தானிய அரசு தரும் கொடுப்பனவு. அதற்கு விண்ணப்பித்தோம், மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில்தான் கிடைத்தது.

மதிப்பீடு தொலைபேசியில் நடந்தது. இவர் வருடக்கணக்காக பெற்றோல் நிலையத்தில் நின்றவர். ஆங்கிலம் வரும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். மறுமுனையில் ஓர் இளம்பெண். “உடுப்பு நீங்களே போடுவீர்களா?” “ஓம்.” “குளிப்பது?” “பிரச்சினை இல்லை.” முன்பின் தெரியாத பிள்ளையிடம், மனைவிதான் காற்சட்டை மாட்டிவிடுகிறாள் என்று எங்கட ஆம்பிளைகள் சொல்வார்களா? நான் பக்கத்தில் இருந்து சைகை காட்டுகிறேன், இவர் சுவரைப் பார்க்கிறார்.

பிப்பில் அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என்று இரண்டு பகுதி. எவ்வளவு உதவி தேவை என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு 4 புள்ளி போட்டிருந்தார்கள். காசு கிடைக்க ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 8 வேண்டும், 12 வந்தால் கூடிய தொகை. நடமாட்டத்துக்கும் 4தான். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். கேட்டால் அனுப்புவார்கள், கட்டாயம் வாங்குங்கள். “குரலில் களைப்பு இல்லை”, “உதவியின்றிக் கையால் சாப்பிடுகிறார்” என்று இருந்தது. இடது கையால் சோறு அள்ளுகிறார், உண்மைதான். மீனில் முள் எடுப்பது யார், இறைச்சியைப் பிய்த்து வைப்பது யார்? அந்தப் பிள்ளை கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை.

மேல்முறையீட்டை விசாரிப்பது தீர்ப்பாயம். அங்கே நேரே போக முடியாது. முடிவுத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். கேட்டோம். அதே அறிக்கையை இன்னொருவர் வாசித்து, அதே புள்ளியைப் போட்டு அனுப்பினார். அதன்பின் மேல்முறையீடு செய்ய இன்னொரு மாத அவகாசம். கட்டணம் கிடையாது.

அப்போதுதான் ஓர் இலவச ஆலோசகர் விஷயத்தை விளக்கினார். ஒரு வேலையை எப்படியோ செய்து முடிப்பது கணக்கில்லையாம். பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படும் போதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்றுதான் சட்டம் கேட்கிறது. சாதாரணமாக ஒருவர் எடுக்கும் நேரத்தைவிட இரு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரமில்லை. பாதிக்கு மேற்பட்ட நாட்கள் எப்படி இருக்கிறார் என்பதையும் பார்க்கிறார்கள்.

டொக்டரின் கடிதத்தில் நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும்தான் இருந்தன. அதனால் நானே எழுதினேன், இவரால் ஏலாததை அல்ல, நான் செய்வதை. காலையில் குளியல்தொட்டிக்குள் இறக்குவது, காலுறை போடுவது, அடுப்புப் பக்கம் விடாமல் பார்ப்பது, எல்லாம். இவர் வாசித்துவிட்டுக் கோபப்பட்டார். “மானத்தை வாங்கிவிட்டாய்” என்று இரண்டு நாள் பேச்சில்லை. பரவாயில்லை என்று அனுப்பிவிட்டேன். வாழ்க்கைத்துணையின் வாக்குமூலமும் சாட்சிதான், அதைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

தீர்ப்பாயத்தில் ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் பற்றிய அனுபவமுள்ள ஒருவர் என மூவர். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டிருந்தோம், அதற்கும் காசில்லை. மருத்துவர், “கடைசியாக அடுப்பில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தேத்தண்ணி போடப்போய்க் கையில் ஊற்றிக்கொண்டதைச் சொன்னார். தமிழில் கேட்டதாலோ என்னவோ, அப்புறம் மறைக்கவில்லை. என்னிடமும் கேட்டார்கள்.

சமையலுக்கு 4, சாப்பாட்டுக்கு 2, குளிப்பதற்கு 3, உடுப்புக்கு 2 என்று 11 புள்ளி. நடமாட்டத்துக்கு 10. பழைய நிலுவையும் வந்தது.

ஈஸ்ட்ஹாம் தம்பி:

அக்கா, என் மனைவிக்கு மனச்சோர்வு. கை கால் எல்லாம் நன்றாக இருப்பதால் முதலில் பூச்சியம் போட்டார்கள். நான் சொல்லாவிட்டால் குளிக்கமாட்டா, சாப்பிடமாட்டா. யாராவது தூண்டினால்தான் செய்கிறார் என்பதற்கும் புள்ளி உண்டு என்று தெரிந்த பின் அதை மட்டும் விரிவாக எழுதினேன். சாப்பிடத் தூண்டுவதற்கே 4. எங்களுக்கு மறுபரிசீலனையிலேயே சரியானது. அவவால் கடிதங்களைப் பார்க்க முடியாததால் அவ சார்பில் நடத்த என்னையே நியமித்திருக்கிறார்கள். அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

லெஸ்ரர் அண்ணா:

ஒன்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்துக்கொண்டிருந்து, மற்றதற்காக மேல்முறையீடு செய்தால், தீர்ப்பாயம் இரண்டையுமே திரும்பப் பார்க்கலாம். இருப்பது குறையவும் கூடும். எங்களுக்கு அப்படி ஆகவில்லை, ஆனால் போகும் முன் ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம்.

கிளாஸ்கோ தங்கச்சி:

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இது வேறு. இங்கே 2022 முதல் பிப்புக்குப் பதில் ஸ்கொட்லாந்து அரசின் தனிக் கொடுப்பனவு. மறுபரிசீலனை கேட்க 42 நாள் தருகிறார்கள். அக்கா, நீங்கள் எழுதிய வாக்குமூலம் எத்தனை பக்கம் வந்தது? நான் அம்மாவுக்காக எழுதத் தொடங்கி, முடிக்கத் தெரியாமல் இருக்கிறேன்.

குரொய்டன் அக்கா:

மூன்று பக்கம், தங்கச்சி. ஒரு சாதாரண நாளை மட்டும் எழுதுங்கோ. மிக மோசமான நாளைத் தேடிப் போகவேண்டாம்.