கணக்கு முழுக்க என் பக்கம், கை முழுக்க அவர் பக்கம்

கேள்வி: மூன்றாம் மாடிக்காரன்

சென்னையில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. ஏப்ரல் பிறந்தால் தண்ணீர் லாரிதான். அந்தச் செலவை எல்லோரும் சமமாகப் பிரித்துக் கட்டுகிறோம். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, அவரவர் புழங்கியதற்கு அவரவர் கட்டலாம் என்று போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில் பேசினேன். இரண்டு வருட லாரி பில்லைக் கூட்டி, வரைபடம் போட்டு, 14 ஸ்லைடு. வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான், ராத்திரி உட்கார்ந்து தயாரிக்க நேரம் இருந்தது. 25 நிமிடம் பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்புறம் தரைத்தளத்துப் பெரியவர் எழுந்தார். "மே மாதம் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அதுகள் குளிக்கும்போது நான் வாசலில் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?" அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் 9 பேர்.

இது என்ன உத்தி? இதற்கு எதிர் உத்தி உண்டா? அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது.

பதில்: கோலப்புத்தகம்

எட்டு வருடம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குள் ஏறிப் புத்தகம் விற்றவன் நான். ஏறியதும் பேச மாட்டேன். முதலில் ஆளுக்கு ஒரு புத்தகம் மடியில் வைப்பேன். "வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள்." மடியில் இருப்பதைத் திருப்பிக் கொடுக்க மனசு கொஞ்சம் கூசும். அப்புறம்தான் விலை: கடையில் 50, இங்கே 40 இல்லை, 30 இல்லை, 20தான், கூடவே ஒரு பேனா. அந்த 50ஐ முதலில் சொல்லாவிட்டால் 20 யாருக்கும் மலிவாகத் தெரியாது. டிரைவர் ஹாரன் அடிக்கும் நேரம் பார்த்து முடிப்பேன், யோசிக்க விடக் கூடாது.

நீங்கள் மடியில் எதையும் வைக்கவில்லை சார். ஒரு மாடிக்கு மட்டும் மூன்று மாதம் மீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தால் கை தூக்கியிருப்பார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை

மேலே சொன்னது பஸ்ஸுக்குச் சரி. நாளைக்கும் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியவர்களிடம் ஹாரன் வித்தை செல்லாது.

கண்ணகியின் வழக்கைப் பாருங்கள். "தேரா மன்னா" என்று தொடங்கியவள் சிலம்பை உடனே நீட்டவில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்தவனும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட ஊர் என் ஊர் என்கிறாள். நீதிக்கு அளவுகோல் அங்கேயே ஊன்றிவிட்டாள், அரசனால் மறுக்க முடியாது. பிறகு, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பதோடு நிறுத்துகிறாள். எங்கள் சிலம்பில் முத்து என்று சொல்பவன் பாண்டியனேதான். தனக்கு வேண்டிய சாட்சியத்தை எதிராளி வாயாலேயே வரவழைத்துவிட்டு, அதற்குப் பிறகு உடைக்கிறாள். ஒரே ஒரு சான்று, அதுவும் கடைசியில். உங்களுடையது 14 ஸ்லைடு, தம்பி.

பதில்: குறுக்குக் கேள்வி

பேச்சு ஏன் எடுபடுகிறது என்பதை அரிஸ்டாட்டில் மூன்றாகப் பிரித்தார்: பேசுபவர் மேல் நம்பிக்கை, கேட்பவர் மனநிலை, வாதத்தில் உள்ள தர்க்கம். இவற்றில் முதலாவதுதான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வலியது என்றார். உங்கள் வீட்டில் இரண்டே பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீட்டர் வந்தால் முதலில் லாபம் யாருக்கு? கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அதை நீங்களே முதல் வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு பேசியிருக்க வேண்டும். அப்புறம், பெரியவர் செய்தது உத்தி என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? அவர் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் மாடிக்காரன்:

இரண்டு பேர் விஷயம் சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் காட்டினேன், "அன்றைக்கே சொன்னேனே" என்றாள். (சொல்லவில்லை.)

நேற்று பெரியவர் வீட்டுக்கே போனேன், ஸ்லைடு இல்லாமல். காபி கொடுத்தார். பேரப்பிள்ளைகள் இந்த வருடம் வரவில்லையாம். அவர் வீட்டு ஃப்ளஷ் டேங்க் நாலு மாதமாக ஒழுகுகிறது, மீட்டர் வைத்தால் அது தன் தலையில் விழும் என்ற பயம். பிளம்பர் நம்பர் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.