கூலாய் பக்கம் மண் லோரி ஓட்டுபவன் பார்த்தது

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் கூலாய்தான் எங்கள் ஊர். இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் செம்பனை போய்த் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, வந்தது. இண்டாபுரா, பண்டார் புத்ரா எல்லாம் தோட்ட நிலம்தான். அதுவரை கணக்கு புரிந்தது: வீடு வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் கடை வரும். இப்போது வருவது டேட்டா சென்டர், வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் ஓடும் கட்டடம். கூலாய் யங் தோட்டத்தை வாங்கிய மலேசியக் கம்பெனி ஒய்டிஎல், 500 மெகாவாட் மின்சாரம் வரை போகும் என்று சொல்லிக் கட்டுகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்க சிப் கம்பெனி என்விடியாவும் கூட்டுச் சேர்ந்தது. பக்கத்து ஊர் செடெனாக்கிலும் இதே கதைதான். சிங்கப்பூர் 2019-இல் புது டேட்டா சென்டர்களை நிறுத்தி வைத்தது, அதைக் கட்டும் கம்பெனிகளின் பார்வை சிங்கப்பூர்-ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் திரும்பியது. செனாய் விமான நிலையம் வேறு பக்கத்திலேயே இருக்கிறது.

நான் மண் ஏற்றப் போகும் சைட்டின் பெயர் வேண்டாம். அங்கே செம்பனையைச் சும்மா சாய்த்துவிட்டுப் போவதில்லை. தண்டு அப்படியே கிடந்து மக்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். பிறகு அடுத்த தோட்டத்து இளங்கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிடும். அதனால் எக்ஸ்கவேட்டர்காரர் தண்டைச் சீவல் சீவலாகச் சீவிப் பரப்புகிறார். இரண்டு நாள் வெயில் பட்டால் போதும், அந்த இடமே புளித்த கள் வாடை அடிக்கும். தோட்டத்தில் பிறந்த எனக்கே தலை சுற்றியது.

கேட்டில் ஒரு தமிழ்ப் பெண், சேஃப்டி ஆபீசர். முதல் நாளே என்னை இறக்கிவிட்டார். "அங்கிள், பச்சைக் கார்டு, கட்டுமான சைட்டுக்குள் வர்ற கார்டு, இருக்கா? ஹெல்மெட் எங்கே? சக்கரத்தைத் தொட்டியில் கழுவாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது." அவர் கண்டிப்பு நியாயம்தான், மழை நாளில் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். பேச்சுக் கொடுத்தபோது அவருடைய தாத்தாவும் இந்தப் பக்கத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்று தெரிந்தது.

"இவ்வளவு பேருக்கு வேலை கிடைக்கிறதே, நல்லதுதானே?" என்றேன்.

"கட்டி முடிக்கிற வரைதான் அங்கிள். மெஷின் ஓட ஆரம்பிச்சா உள்ளே கொஞ்சம் பேர் போதும். எந்த நேரமும் சூடு ஏறும், அதைக் குளிர வைக்கிறதுதான் பெரிய வேலை. என் தம்பியை ஏர்கோன் படிக்கச் சொல்லியிருக்கேன்."

யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. நம் ஆட்கள் இன்னமும் செக்யூரிட்டி, லோரி, சாப்பாட்டுப் பொட்டலம் என்று கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறோம். வாடகை மட்டும் ஏறிவிட்டது; தாமானில் அறை அறையாகப் பிரித்துத் தொழிலாளர்களுக்கு விடுகிறார்கள். 2025 டிசம்பரில் இடிஎஸ் என்கிற மின்சார விரைவு ரயில் ஜொகூர் பாரு வரை வந்து, கூலாயிலும் நிற்கத் தொடங்கிய பிறகு வீட்டு ஏஜெண்டுகள் பேச்சே மாறிவிட்டது.

டேட்டா சென்டருக்கு உள்ளே ஏர்கோன், வயரிங் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், எங்கே படித்தீர்கள், எப்படிச் சேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். என் மகன் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறான்.