புதுப்பிப்பு: அம்மாவின் கழுத்து நெறியும் புதிய ரத்த முடிவும்

தண்டையார்பேட்டையில் என்னுடன் இருக்கும் அம்மாவுக்கு நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய் (லிம்போசைட் என்ற வெள்ளணு வகை பெருகும் நோய்), ஆரம்பக் கட்டம் என்று இந்தக் குழுவில் முன்பு எழுதியிருந்தேன். பிறகு கழுத்தில் நெறி கட்டியதும் (நிணநீர்க் கணு வீங்கியதும்), நோய் முற்றிவிட்டதோ என்று பதறிப்போய் உங்களிடம் கேட்டேன். முடிவு வந்துவிட்டது.

வெள்ளணு 38,000-லிருந்து 44,000 ஆகியிருக்கிறது. ஹீமோகுளோபின் 11.8, பிளேட்லெட் 1,90,000. மருத்துவர் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் விரலால் அழுத்திப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே கைவைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி மண்ணீரலையும் பார்த்தார், வீங்கவில்லை. கழுத்து நெறி மட்டும் கொட்டைப்பாக்கு அளவு, வலியில்லை. அதனால், இந்த நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் ராய் அளவுகோலில் பூஜ்யத்திலிருந்து முதல் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

மருந்து இப்போது வேண்டாம் என்கிறார். நோய் இருக்கிறது, மருந்து இல்லை என்றால் மனம் எப்படி ஆறும்? ஆனால் அறிகுறி இல்லாதபோது முன்கூட்டியே தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லையாம். லிம்போசைட் ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால், இரவில் உடை நனைய வியர்த்தால், காரணமில்லாமல் காய்ச்சல் நீடித்தால், எடை இறங்கினால் உடனே வரவேண்டும்.

அத்தை மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார். அன்புதான், ஆனால் இது பற்றுக்கு அடங்கும் நெறியில்லை. ராயபுரத்திலிருந்து எழுதிய அக்கா, பழைய அறிக்கைகளை வரிசையாகக் கொண்டுபோகச் சொன்னீர்கள். மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். மிக்க நன்றி. அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து.